பழைய ஓபன் டாப் கார்: ஒரு மழை பார்த்துவிட்டு விலை பேசுங்கள்

கடலூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். புதுச்சேரியில் ஒரு பிஎம்டபிள்யூ இசட்4 விற்பனைக்கு வந்திருக்கிறது. 2012-இல் பதிவான வண்டி, பி.ஒய். என்று தொடங்கும் புதுச்சேரி எண், 35ஐ மாடல், டாப் மடங்கி டிக்கிக்குள் போகும் வகை. விற்பவர் மூன்றாவது ஓனர். மீட்டரில் 38,000 கிலோமீட்டர். 24 லட்சம் சொல்கிறார்கள். "எவ்வளவு வரை குறைத்துக் கேட்கலாம்?" என்பது கேள்வி. அதற்கு அடியில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறார்: "சின்ன வயதிலிருந்து ஆசை, ஏமாந்துவிடக் கூடாது." உண்மையான கேள்வி அந்த இரண்டாவது வரிதான் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் விலை தானாக வந்துவிடும்.

நான் டிப்ளமோ ஆட்டோமொபைல் படித்துவிட்டு, 23 வருடம் இன்சூரன்ஸ் கிளெய்ம்களுக்கு மோட்டார் சர்வேயராக விழுப்புரம், கடலூர், புதுச்சேரி பக்கம் வேலை பார்த்தவன். இடித்த வண்டி, எரிந்த வண்டி, தண்ணீரில் நின்ற வண்டி என்று பார்த்து, சேதம் எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்க்கும் மெக்கானிக் இல்லை. அதனால் வண்டியின் உடம்பு, தண்ணீர், காகிதம் இந்த மூன்றிலும் உறுதியாகப் பேசுவேன். எஞ்சின், கியர்பாக்ஸ் பற்றி நான் சொல்வதை எதைச் சோதிக்கச் சொல்லவேண்டும் என்ற குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. போட்டோவை வைத்து எந்த வண்டியையும் நல்லது கெட்டது என்று சொல்லமுடியாது.

முதல் விஷயம் தண்ணீர். ஓபன் டாப் வண்டிக்கும் சாதாரண காருக்கும் விலையில் இருக்கும் வித்தியாசம் எல்லாம் அந்த டாப்பில்தான் இருக்கிறது. பழுதும் அங்கேதான் தொடங்குகிறது. சாதாரண காரின் கூரை ஒரே தகடு. அதில் ஒழுக வழியே கிடையாது. மடங்கும் டாப்பில் கண்ணாடி சேரும் இடம், தகடும் தகடும் சேரும் இடம், டிக்கி மூடி சேரும் இடம் என்று ஒவ்வொரு மூட்டிலும் ரப்பர் சீல் இருக்கிறது. அந்த ரப்பரைத் தாண்டி வரும் கொஞ்சத் தண்ணீரை வாங்கிக் கீழே விட வாய்க்கால் மாதிரி சின்னச் சின்னத் துளைகளும் குழாய்களும் வைத்திருப்பார்கள். நம் ஊரில் வண்டி வேப்ப மரத்தடியில் நிற்கும், தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்கும். சருகும் பூவும் அந்தத் துளைகளை அடைத்துவிடும். அடைத்தால் தண்ணீர் வெளியே போகாமல் உள்ளே நிற்கும். நிற்கும் இடம் சீட்டுக்குப் பின்னாலோ, டிக்கியின் அடியிலோ, கால் வைக்கும் இடத்து விரிப்புக்குக் கீழேயோ இருக்கும். மின்சாரப் பெட்டிகளையும் டாப்பை மடக்கும் ஹைட்ராலிக் பம்பையும் வைத்திருப்பது அந்தப் பக்கங்களில்தான். 2002 முதல் 2008 வரை வந்த முந்தைய இசட்4-இல் துணி டாப். அதன் மோட்டார் பின் மூலையில் தாழ்வான இடத்தில் இருப்பதால், துளை அடைத்து மோட்டார் மூழ்கிப் போவது உலகம் முழுக்கத் தெரிந்த குறை. உங்கள் வண்டி அதற்கடுத்த தலைமுறை, 2009 முதல் 2016 வரை வந்தது. அலுமினியத் தகட்டு டாப், சுமார் 20 வினாடியில் மடங்கும். துணி கிழியும் கவலை இதில் இல்லை. சீல், குழாய், ஹைட்ராலிக் எண்ணெய் பற்றிய கவலை அப்படியே இருக்கிறது.

ஆகவே வெயில் காயும் மதியத்தில் வண்டியைப் பார்க்கப் போகாதீர்கள். ஒரு நல்ல மழை பெய்து விட்ட அரை மணி நேரத்தில் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையில் அடிக்கும் மழையைவிட நல்ல சோதனை எந்த ஒர்க் ஷாப்பிலும் கிடையாது. மழை வராவிட்டால் வாட்டர் வாஷ் செய்யும் இடத்துக்கு ஓட்டிப்போய், டாப்பை மூடி, கண்ணாடிகளை ஏற்றி, பத்து நிமிடம் மேலிருந்து தண்ணீர் விடச் சொல்லுங்கள். பிரஷர் வேண்டாம், அது நல்ல சீலையும் தாண்டும். மழை மாதிரி சாதாரணமாக விட்டால் போதும். நீங்கள் உள்ளே உட்கார்ந்துகொள்ளுங்கள். கண்ணாடியின் மேல் மூலைகளையும் தலைக்கு மேல் இருக்கும் மூட்டையும் விரலால் தடவிப் பாருங்கள். அப்புறம் டிக்கிக்குள் இருக்கும் விரிப்பைத் தூக்கி அடியில் கை வையுங்கள். கடைசியாக, டாப்பைப் பாதி திறந்த நிலையில் ஓரத்து வாய்க்காலில் ஒரு பாட்டில் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். இரண்டு பக்கமும் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டவேண்டும். ஒரு பக்கம் சொட்டாவிட்டால் அந்தப் பக்கம் அடைப்பு. விற்பவர் இதற்கு ஒத்துக்கொள்ள மறுத்தால் நான் அந்த வண்டியை அதோடு விட்டுவிடுவேன்.

டாப்பை எஞ்சின் ஓடும்போது மூன்று தடவை தொடர்ந்து திறந்து மூடச் சொல்லுங்கள். முதல் தடவை எல்லா வண்டியும் நன்றாக வேலை செய்யும். மூன்றாவது தடவையில்தான் பலவீனமான பம்ப் திணறும், சென்சார் நடுவில் நிறுத்தும். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் எழுகிறதா, கடைசியில் பூட்டும்போது தயங்குகிறதா என்று கவனியுங்கள். மடங்கும் கைகளின் பக்கத்தில் உள்ள துணி விரிப்பில் எண்ணெய்க் கறை இருந்தால் ஹைட்ராலிக் சிலிண்டரின் சீல் போயிருக்கிறது. கதவைத் திறக்கும்போது கண்ணாடி தானாக ஒரு நூல் இறங்கவேண்டும், மூடியதும் ஏறவேண்டும். இறங்காத கண்ணாடி ஒவ்வொரு தடவையும் ரப்பரை அறுத்துக்கொண்டே இருக்கும். "அது சின்ன சென்சார் சார், இருநூறு ரூபாய் வேலை" என்பார்கள். இருநூறு ரூபாய் வேலை என்றால் விற்கும் முன்பே செய்திருப்பார்கள்.

டாப் ஒழுகி வரும் தண்ணீர் ஒரு வகை. வண்டி வெள்ளத்தில் நிற்பது அதைவிடப் பெரியது. நம் பகுதியில் இதை யாரும் லேசாக எடுக்கக்கூடாது. 2015 வெள்ளம் சென்னையையும் கடலூரையும் சேர்த்தே அடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணை நீர் வந்து தென்பெண்ணை கரை புரண்டு கடலூருக்குள் புகுந்தது. இந்த ஒவ்வொன்றிலும் அடித்தளத்தில் நிறுத்தியிருந்த விலை உயர்ந்த கார்கள் மூழ்கின. இன்சூரன்ஸில் ஒரு கணக்கு உண்டு. பழுது பார்க்கும் செலவு, பாலிசியில் எழுதியிருக்கும் வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு நஷ்டம் என்று தீர்ப்போம். முழு நஷ்டம் என்றால் வண்டி அழிந்துபோனது என்று அர்த்தமில்லை. அந்த உடைசலை ஏலத்தில் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் சில வண்டிகள் கழுவி, காயவைத்து, சீட் துணி மாற்றி, மறுபடி சந்தைக்கு வருகின்றன. நானே 2015 டிசம்பரில் சென்னைக்கு உதவிக்குப் போயிருந்தபோது முழு நஷ்டம் என்று எழுதிக் கொடுத்த ஓர் இரண்டு சீட் வண்டியை, மூன்று வருடம் கழித்துப் புதுச்சேரியில் ஒரு வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' அட்டையோடு பார்த்தேன். எண் அதே எண். அதை வாங்க முன்பணம் கொடுத்திருந்த பையனின் அப்பா எனக்குத் தெரிந்தவர் என்பதால் அந்த வியாபாரம் நின்றது. அந்த வண்டியின் பளபளப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வெளியே ஒரு குறையும் சொல்லமுடியாது.

வெள்ளத்தில் நின்ற வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். எல்லோரும் சீட்டைக் கழுவுவார்கள், சுருளுக்குள் இருக்கும் பெல்ட்டின் அடிப்பகுதியை யாரும் கழுவுவதில்லை. அங்கே மண் கோடு இருந்தால் தெரிந்துவிடும். சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்து ஒயர் சாக்கெட்டுகளைப் பாருங்கள். பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கக் கூடாது. சீட்டைத் தரையோடு பிடிக்கும் போல்ட்டுகளில் துருவும், ஸ்பேனர் போட்ட தழும்பும் சேர்ந்து இருந்தால் சீட்டைக் கழற்றித் தரை விரிப்பைக் காயவைத்திருக்கிறார்கள். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் ஏசியை நிறுத்திவிட்டுக் கண்ணாடிகளை ஏற்றிப் பதினைந்து நிமிடம் வெயிலில் நிறுத்துங்கள். ஊறிய விரிப்பின் நாற்றம் எந்த வாசனையையும் மீறி வெளியே வரும். இக்னிஷனைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில வினாடியில் அணையவேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இதோடு இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கிப் பாருங்கள். இது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது, வாங்குபவர்கள் செய்வதில்லை. கிளெய்ம் எடுக்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 என்று ஏறும். 50 சதவீதம் என்று இருந்தால் ஐந்து வருடம் தொடர்ந்து கிளெய்ம் இல்லை என்று பொருள். பூஜ்யம் என்று இருந்தால் போன வருடம் கிளெய்ம் எடுத்திருக்கிறார்கள், அல்லது வண்டி கைமாறிப் புதிதாகத் தொடங்கியிருக்கிறது, அல்லது பாலிசி 90 நாளுக்கு மேல் விட்டுப்போயிருக்கிறது. எது என்று கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: அந்தத் தள்ளுபடி ஆளோடு போகும், வண்டியோடு போகாது. அவர் தன் இன்னொரு காரின் தள்ளுபடியை இதற்கு மாற்றியிருக்கலாம். அதனால் இதைச் சான்றாக வைக்காதீர்கள், துப்பாக வையுங்கள்.

உடம்பு விஷயத்தில் ஒன்று சொல்லவேண்டும். சாதாரண காரில் கூரையும் சேர்ந்து வண்டியை விறைப்பாக வைத்திருக்கும். கூரையில்லாத வண்டியில் அந்தப் பாரம் முழுக்கக் கதவுக்கு அடியில் ஓடும் பக்கச் சட்டத்துக்குப் போகிறது. அங்கே அடிபட்டு டிங்கரிங் செய்த வண்டியை எனக்குத் தெரிந்தவர் யாரையும் வாங்க விடமாட்டேன். டாப்பை மூடிக் கதவு இடைவெளியை இரண்டு பக்கமும் பாருங்கள், அப்புறம் திறந்து பாருங்கள். மாறக்கூடாது. லிஃப்டில் ஏற்றி அந்தச் சட்டத்தின் அடியில் வெல்டிங் கோட்டைத் தடவுங்கள். கம்பெனி வெல்டிங் புள்ளி புள்ளியாக ஒரே இடைவெளியில் இருக்கும், கை வெல்டிங் மேடு பள்ளமாக இருக்கும். கடற்கரையில் இருந்த வண்டி என்பதால் துருவையும் அப்போதே பார்த்துவிடலாம். பிரேக் குழாய்கள், சஸ்பென்ஷன் போல்ட்டுகள், சைலன்சர் மூட்டு, இந்த மூன்றும் கடல் காற்றை முதலில் வாங்கும்.

எஞ்சின் பற்றி என் எல்லைக்குள் சொல்கிறேன். 35ஐ என்றால் 3 லிட்டர், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, 306 குதிரைத்திறன், என்54 என்று பெயர். வலுவான எஞ்சின் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் ஹை பிரஷர் பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர்கள், மின்சார வாட்டர் பம்ப் மூன்றும் உலகம் அறிந்த பலவீனங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினை நீங்கள் வந்த பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். சுற்றிச் சுற்றித் தாமதமாகப் பிடித்தால் பெட்ரோல் பம்பைச் சந்தேகிக்கவேண்டும். மீட்டரைத் திருப்பி வைத்தார்களா என்பது அடுத்த சந்தேகம். இந்த கம்பெனியின் சாவியிலேயே ஓடிய தூரம் பதிவாகும், சர்வீஸ் சென்டரில் அதைப் படிக்கமுடியும். இரண்டு சாவியும் இருக்கிறதா என்று கேட்டு, இரண்டையும் படிக்கச் சொல்லுங்கள். 2012 வண்டி 38,000 கிலோமீட்டர் என்பது நம்பக்கூடியதுதான், இரண்டு சீட் காரை யாரும் தினமும் ஓட்டுவதில்லை. ஆனால் குறைந்த கிலோமீட்டர் என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். நின்றே கிடந்த வண்டியில் ரப்பர் காய்ந்திருக்கும், டயர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். தரையைப் பிடிக்கும் பட்டன்கள் தேயாமல் இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டிய டயரை நான் இல்லாததாகவே கணக்கிடுவேன். இந்த வண்டியில் பஞ்சரானாலும் ஓடும் வகை டயர், ஸ்டெப்னி கிடையாது. அந்த டயர்கள் விறைப்பானவை, நம் வேகத்தடைகளில் ரிம் விரிசல் விடும். நாலு ரிம்மையும் உள்பக்கமாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

இ20 பெட்ரோல் பற்றியும் கேட்பார்கள் என்பதால் இரண்டு வரி. அந்தக் கால வண்டி 20 சதவீத எத்தனாலுக்கென்று கட்டப்பட்டதில்லை, மைலேஜ் கொஞ்சம் குறையும். இது உறுதி. பெட்ரோல் குழாய்களையும் சீல்களையும் எத்தனை வருடத்தில் கெடுக்கும் என்பதில் படித்தவர்களே ஒத்துப்போகவில்லை. அதை வைத்து விலையைக் குறைக்கச் சொல்வதும் சரியில்லை, எல்லாப் பழைய வண்டிக்கும் அது பொது.

இசட்4 அமையாவிட்டால் வேறு எது என்று யோசிப்பவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2004-இல் வந்த மெர்சிடிஸ் எஸ்எல்கே-யில் 2006 வரையிலான வி6 எஞ்சின்களில், அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டின் பல்சக்கரம் சீக்கிரம் தேய்ந்தது. 1997 முதல் 2008 வரையிலான போர்ஷே பாக்ஸ்டரில் எஞ்சினுக்குள் இருக்கும் ஐ.எம்.எஸ். என்ற பேரிங் உடைந்தால் எஞ்சினே போய்விடும். 2014 கடைசியில் இங்கே வந்த ஆடி ஏ3 கேப்ரியோலே துணி டாப், நாலு பேர் உட்காரலாம். அதன் ஏழு கியர் ட்ரை கிளட்ச் (எண்ணெயில் ஓடாத கிளட்ச்) கியர்பெட்டிக்கு நம் வெயிலும் சிக்னலும் ஒத்துவருவதில்லை, மெதுவாக நகரும்போது அதிர்கிறதா என்று பார்க்கவேண்டும். குடும்பத்தோடு போகவேண்டும் என்றால் என் மனம் அந்த ஆடியைத்தான் சொல்லும்.

இனி காகிதம். பி.ஒய். எண் என்பதால் அது புதுச்சேரியிலேயே ஓடிய வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். ரொம்ப காலமாகவே புதுச்சேரியில் சாலை வரி குறைவு என்பதால் வெளியூர் சொகுசு கார்கள் இங்கே பதிவாயின. 2017-இல் கேரளப் போலீஸ், பொய் முகவரி கொடுத்துப் புதுச்சேரியில் பதிந்ததாகப் பலர் மேல் வழக்குப் போட்டது ஊர் அறிந்த செய்தி. முதல் ஓனரின் பெயரும் முகவரியும் உண்மையா, வண்டி எங்கே சர்வீஸ் ஆனது என்று பொருத்திப் பாருங்கள். டெல்லியில் முதலில் பதிவாகி இங்கே வந்த வண்டிகளும் உண்டு. அங்கே 15 வருடம் தாண்டிய பெட்ரோல் காருக்குத் தடை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. விதிகள் அப்புறம் மாறினாலும், வயதான கார்கள் அங்கிருந்து மலிவாகத் தெற்கே வரும் வழக்கம் நிற்கவில்லை.

நீங்கள் கடலூர்க்காரர். உங்கள் பெயருக்கு மாற்றப் புதுச்சேரி ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) வாங்கி, கடலூரில் தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்டி, டி.என். 31 எண் வாங்கவேண்டும். முள்ளோடையைத் தாண்டிப் பி.ஒய். எண்ணோடு தினமும் எத்தனையோ பேர் வருகிறார்கள், நாமும் அப்படியே ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் எண்ணை மாற்றவேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புது காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கு ஏற்பக் குறையும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று ஆர்.சி. நகலையும் பழைய இன்வாய்ஸ் நகலையும் கொண்டுபோய்க் கடலூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் விலை பேச உட்காராதீர்கள். அடுத்தது, 2012 பதிவு 2027-இல் 15 வருடம் முடிகிறது. எஃப்.சி. என்ற தகுதிச் சோதனை பார்த்துப் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து சாதாரண காருக்கு அந்தக் கட்டணம் 5,000 ரூபாய், இறக்குமதி வண்டிக்கு 40,000 ரூபாய். இசட்4 முழுதாக இறக்குமதியான வண்டி. ஆர்.சி.யில் அப்படிக் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். கடன் இருந்து முடிந்திருந்தால் ஹெச்.பி., அதாவது ஆர்.சி.யில் இருக்கும் கடன் குறிப்பு, கேன்சல் ஆகியிருக்கவேண்டும். வாகன் இணையதளத்தில் எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ், பதிவு முடியும் தேதி, நிலுவை இ-சலான் எல்லாம் பார்த்துவிடலாம். முந்தைய ஓனர் கையெழுத்துப் போட்ட வெற்று ஃபாரம் 29, 30-ஐ (பெயர் மாற்றப் படிவங்கள்) வைத்துக்கொண்டு தரகர் விற்கிறார் என்றால், ஆர்.சி.யில் பெயர் இருப்பவரை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

சரி, விலை. விலை பேசும்போது பலர் செய்யும் தவறு, எல்லாச் செலவையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்பவர் தலையில் வைப்பது. நீங்கள் இரண்டு பட்டியல் போடுங்கள். ஒன்று, வண்டியின் குறை. அது யார் வாங்கினாலும் வரும் செலவு. இன்னொன்று, உங்கள் சொந்தச் செலவு. தமிழ்நாட்டு வரி இரண்டாவதில் வரும். புதுச்சேரியிலேயே ஒருவர் வாங்கினால் அந்த வரி அவருக்குக் கிடையாது, ஆகவே விற்பவர் அதைக் குறைக்கமாட்டார், குறைக்கவேண்டியதும் இல்லை. முதல் பட்டியலை மேஜை மேல் வைத்துப் பேசுங்கள். இரண்டாவதை மனசுக்குள் வைத்து, எங்கே எழுந்து வரவேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

உதாரணமாக, நாலு டயருக்கு ஒரு லட்சம், சஸ்பென்ஷன் புஷ்களுக்கு எண்பதாயிரம், டாப் சீல் வேலைக்கு ஒன்றரை லட்சம் என்று கொட்டேஷன் வருகிறது, பதிவுப் புதுப்பித்தலுக்கு நாற்பதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,70,000. 24-லிருந்து கழித்தால் 20,30,000. அதுதான் நீங்கள் நியாயமாக நிற்கக்கூடிய இடம், அதற்குக் கொஞ்சம் கீழே தொடங்கலாம். குறைகள் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது, கொட்டேஷன் தாளிலிருந்து வரவேண்டும். இந்தக் கம்பெனிக்குச் சென்னையில் அங்கீகரித்த சர்வீஸ் இருக்கிறது. ஒரு நாள் செலவு செய்து அங்கே வண்டியைச் சோதிக்கக் கேளுங்கள், கட்டணம் உங்களுடையது. என் அக்கா மகனுக்கு ஓர் ஓபன் டாப் வாங்கப் போனபோது விற்பவர் 'ஒரே விலை' என்று சொல்லி உள்ளே எழுந்து போய்விட்டார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சோதனைத் தாளை அவர் மனைவியிடம் கொடுத்துவிட்டு, "சார் நிதானமாகப் பார்க்கட்டும் மா, ஞாயிற்றுக்கிழமை வரை எங்கள் விலை இது" என்று ஒரு தொகையை எழுதிக் கொடுத்து வந்தோம். சனிக்கிழமை இரவு அவரே கூப்பிட்டார். வண்டியை அவர் நேசித்தார், குறை சொன்னால் கோபம் வந்தது. தாளில் பார்த்தபோது கோபப்பட ஆளில்லை.

உங்களுக்கு ஒரு பலம் இருக்கிறது. கடலூர், புதுச்சேரி பக்கம் இரண்டு சீட் காரை இந்த விலைக்கு வாங்கக்கூடியவர்கள் கைவிரலில் எண்ணக்கூடியவர்கள். விற்பவர் மாதக்கணக்கில் காத்திருப்பார். ஆடி மாதத்திலும் மார்கழியிலும் வண்டி எடுக்கமாட்டோம் என்று பலர் ஒதுங்குவார்கள். உங்கள் வீட்டில் அதற்கு ஆட்சேபம் இல்லையென்றால் அந்த மாதங்களில் பேசுங்கள். அதே பலம் நாளைக்கு நீங்கள் விற்கும்போது உங்களுக்கு எதிராக நிற்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். என் கணிப்பில், வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் வருடச் செலவுக்கென்று தனியாக வங்கியில் இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் இந்த ஆசையை இன்னும் இரண்டு வருடம் தள்ளிவையுங்கள். மொத்தப் பணத்தையும் போட்டு வாங்கியவர் வீட்டில், பம்ப் போன டாப் பாதியில் நின்று, தார்ப்பாய் போட்டு மூடிய வண்டியை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

பணம் வங்கி வழியாகவே போகட்டும். இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி கூடாது, வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் உண்டு. 'பாதி ரொக்கம் கொடுத்தால் குறைக்கிறேன்' என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். முன்பணம் சிறியதாக இருக்கட்டும். என்.ஓ.சி. வராவிட்டால், சோதனையில் வெள்ளம் அல்லது பெரிய விபத்து தெரிந்தால் முன்பணம் திரும்பும் என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். கணிசமான ஒரு தொகையை என்.ஓ.சி. கைக்கு வரும் வரை பிடித்துவையுங்கள். பெயர் மாற்றம் சீக்கிரம் நடப்பது அவருக்கும் நல்லது. ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே விபத்துக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைச் சொன்னால் அவரே அலைந்து வாங்கித் தருவார். வண்டியை எடுக்கும் நாளில் தேதி, மணி, மீட்டர் அளவு மூன்றையும் எழுதி வாங்குங்கள், அதற்கு முந்தைய சலான்கள் அவர் கணக்கு. 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மூன்றாம் நபர் காப்பு தானாக வந்துவிடும், ஆனால் உங்கள் சொந்த வண்டிச் சேதத்துக்கு அது உதவாது. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பு இந்த வயது வண்டிக்குக் கிடைக்குமா என்று நாலு கம்பெனியில் கேளுங்கள். தண்ணீரில் நின்ற எஞ்சினை ஸ்டார்ட் செய்து கெடுத்துக்கொண்டவர்களுக்கு, அந்தக் காப்பு இல்லாமல் நான் பணம் எழுதிக் கொடுக்க முடிந்ததே இல்லை.

ஆசையைப் பற்றியும் ஒன்று. புதுச்சேரி பீச் ரோட்டில் மாலையில் டாப்பைத் திறந்துகொண்டு போகலாம் என்று நினைத்திருந்தால், மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டிகளை விடுவதில்லை, மறுநாள் காலை ஏழரைக்குத்தான் திறப்பார்கள். தை, மாசியில் விடியற்காலை ஐந்தரைக்குக் கடலூரிலிருந்து கிளம்புங்கள். தென்பெண்ணைப் பாலத்தில் பனி இருக்கும், கிருமாம்பாக்கம் தாண்டும்போது விடியும். அந்த நேரத்துக்கு இந்த மாதிரி வண்டி ஒன்று வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதில் தப்பே இல்லை. விற்பவரிடம் இன்றைக்கே பேசி, அடுத்த நல்ல மழை விட்டதும் வருகிறேன் என்று சொல்லிவையுங்கள். போகும்போது ஒரு டார்ச், ஒரு பாட்டில் தண்ணீர், உடன் வர ஒரு மெக்கானிக். பர்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.